தொட்டி போனாலும் பைப் இருக்கட்டும்

இது ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.

இந்த வாரம் மோட்டார் பத்திப் பேசறதாத்தான் போன எபிசோட்ல சொல்லியிருந்தேன். குறிப்பெல்லாம் எடுத்து வெச்சாச்சு. அதுக்குள்ள ஒரு ஃபோன் வந்தது. மோட்டாரை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

ஃபோன் பண்ணினவங்க தேங்காய்த் துருவல் ஃபேக்டரி நடத்துறாங்க. கொங்குப் பக்கம். பிஸ்கட் கம்பெனி, சாக்லேட் கம்பெனிக்கெல்லாம் போகுமே, உலர்ந்த துருவல், அதுதான். எடுத்ததும் அவங்க சொன்னது: "சார், அந்த பைப்பைக் கழட்டிடலாம்னு இருக்கேனுங்க."

எனக்குச் சட்டுனு என்ன சொல்றதுன்னு தெரியலை. அந்த பைப்பைப் போட வெச்சது நான். பாய்லர், கம்ப்ரஸர்னு ஃபேக்டரி ஃபேக்டரியாப் போய் எங்கே எரிபொருள் வீணாகுதுன்னு கணக்குப் பார்க்கறது என் தொழில், எனர்ஜி ஆடிட்டர். இத்தனை வருஷத்துல நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டுல பாதிக்கு மேல அலமாரியிலதான் இருக்கும். இந்த பைப் மட்டும் நிஜமாவே வந்தது. ஒரு ஃபேக்டரியோட ஸ்டீம் காம்பவுண்டு சுவரைத் தாண்டி இன்னொரு ஃபேக்டரிக்குப் போகுது. அதைக் கழட்டப் போறாங்கன்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

ஆனா அவங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கு. அதனால இன்னைக்குப் பேசப் போறது இதுதான்: பக்கத்துப் பக்கத்து ஆலைகள் ஒருத்தரோட மிச்சத்தை இன்னொருத்தர் வாங்கிக்கறது எப்படித் தொடங்குது, எங்கே முறியுது, முறியாம இருக்க என்ன பேசி வெக்கணும்.

ஒன்பது அங்குலச் சுவர்

கதை 2013-ல் தொடங்குது. ஒரு பக்கம் சாயப்பட்டறை, 4 டன் பாய்லர். அதோட முழுத் திறனில் பாதிகூட ஓடலை. இந்தப் பக்கம் துருவல் ஃபேக்டரி. டிரையருக்குச் சூடான காத்து வேணும், அதுக்கு ஸ்டீம் வேணும். இவங்க கிட்ட இருந்தது ஒரு பழைய குட்டி பாய்லர். விறகு தின்னும், ஸ்டீம் தராது. நடுவுல ஒன்பது அங்குலச் சுவர். சுவரையும் சேர்த்து அளந்தா மொத்தம் 60 மீட்டர்.

எந்த இன்ஜினியரா இருந்தாலும் கை துறுதுறுக்கும். நானும் படம் போட்டேன், பைப் அளவு, இன்சுலேஷன், செலவு, எத்தனை மாசத்துல போட்ட காசு திரும்பும்னு எல்லாம் எழுதி ரெண்டு பேரையும் ஒரே டேபிள்ல உட்கார வெச்சேன்.

இருபது நிமிஷத்துல கூட்டம் முடிஞ்சுது. துருவல் ஃபேக்டரி அம்மா கேட்டாங்க: "அவங்க பாய்லர் நின்னா என்ர டிரையர்ல இருக்கற தேங்காய் என்ன ஆகுங்க?" சாயப்பட்டறை ஓனர் அங்கே ஒண்ணும் சொல்லலை. வெளியே வந்து என்கிட்ட மட்டும் சொன்னார்: "தம்பி, ஸ்டீம் மீட்டரைப் பார்த்தா நான் என்னைக்கு வேலை ஓட்டறேன், என்னைக்கு ஓட்டலைன்னு அடுத்தவனுக்குத் தெரிஞ்சு போயிரும். தொழில்ல அது சரிப்படாது."

ரொம்ப நாளைக்கு நான் இந்தக் கதையை "நம்ம ஆளுங்களுக்கு ஒத்துழைப்பே வராது"ன்னுதான் சொல்லிட்டிருந்தேன். தப்பு என்னோடது. என் ரிப்போர்ட்ல ஸ்டேண்ட்பை பாய்லர் இல்லை. விலை எப்படிப் போடறதுன்னு இல்லை. ஒருத்தர் விலகினா இன்னொருத்தர் கதி என்னன்னு ஒரு வரிகூட இல்லை. பைப் மட்டும்தான் இருந்தது.

ஒரு டென்மார்க் ஊர்

இந்த விஷயத்தை யார் பேசினாலும் ஒரு ஊர்ப் பேர் வந்துடும். கலுன்போர்க். டென்மார்க்ல, கோபன்ஹேகனுக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். கடலோரச் சின்ன ஊர். அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, ஜிப்சம் போர்டு ஃபேக்டரி, இன்சுலினும் என்சைமும் செய்யற நோவோ, அப்புறம் நகராட்சி. இவங்களுக்குள்ள தண்ணி, ஸ்டீம், சாம்பல், ஜிப்சம்னு 20-க்கும் மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்.

ஸ்லைடுல அந்தப் படத்தைப் பார்த்தா யாரோ ஒரு மேதாவி உட்கார்ந்து திட்டம் போட்ட மாதிரி இருக்கும். அப்படி யாரும் போடலை. தொடக்கம் தண்ணிப் பஞ்சம். 1961-ல் வந்த சுத்திகரிப்பு ஆலைக்கு நிலத்தடி நீர் பத்தாது. அதனால டிஸ்ஸோ ஏரியிலிருந்து ஒரு குழாய் இழுத்தாங்க. 1972-ல் ஜிப்சம் போர்டு ஃபேக்டரி, சுத்திகரிப்பு ஆலையில மிஞ்சி எரிஞ்சு போய்க்கிட்டிருந்த வாயுவை வாங்கி போர்டைக் காய வைக்க ஆரம்பிச்சுது. அடுத்த வருஷம் அஸ்னேஸ் மின் நிலையமும் அந்த ஏரித் தண்ணிக் குழாய்ல சேர்ந்துச்சு. 1976-ல் நோவோ தன் சேற்றுக் கழிவை விவசாயிகளுக்கு உரமா அனுப்பத் தொடங்கினாங்க. 1979-ல் மின் நிலையத்தோட சாம்பல் சிமெண்டுக்குப் போச்சு. 1981-ல் அதோட வெப்பம் ஊர் வீடுகளுக்குப் போச்சு. 1982-ல் ஸ்டீம் நோவோவுக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் போச்சு.

வருஷங்களைக் கவனிச்சீங்களா? முதல் குழாய்க்கும் ஸ்டீம் குழாய்க்கும் நடுவுல 21 வருஷம். முதல்ல தண்ணி, ஸ்டீம் ரொம்பப் பின்னாடி. ஏன்னா தண்ணி ஒரு நாள் நின்னா தொட்டியில இருக்கறதை வெச்சுச் சமாளிக்கலாம். ஸ்டீம் நின்னா அந்த நிமிஷமே லைன் நிக்கும். பக்கத்து ஆலை மேல அவ்வளவு நம்பிக்கை வர்றதுக்கு அந்த 21 வருஷம் தேவைப்பட்டிருக்கு. நான் 2013-ல் எடுத்த எடுப்புலேயே ஸ்டீமைக் கேட்டேன்!

அதுக்கு மேல, அங்கே ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ரெண்டு பேருக்கு நடுவுல தனித்தனி வியாபார ஒப்பந்தம். ரெண்டு பக்கமும் லாபம் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாங்க. "கூட்டுவாழ்வு"ங்கற பேரே 1989 வாக்குலதான் வந்தது, அதுக்குள்ள நிறையக் கொடுக்கல் வாங்கல் ஓடிட்டிருந்தது.

முதல்ல தொட்டி

சரி, நம்ம சுவருக்கு வருவோம். கூட்டம் முறிஞ்ச அடுத்த வருஷம் நான் வேற வேலையா சாயப்பட்டறைக்குப் போனேன். பாய்லர் பக்கத்துல மலையாட்டம் தேங்காய்த் தொட்டி. கொங்குல தொட்டின்னா கொட்டாங்குச்சி, தெற்கே சிரட்டைன்னு சொல்வாங்க. "எங்கே வாங்கறீங்க?"ன்னு கேட்டேன். ஒரு புரோக்கர் பேரைச் சொன்னார். விசாரிச்சா, அந்த புரோக்கர் சுவருக்கு அந்தப் பக்கம் துருவல் ஃபேக்டரியில ஏத்தி, ஊரைச் சுத்திக் கொண்டு வந்து இந்தப் பக்கம் இறக்கிட்டிருந்தார்.

நான் ஒண்ணும் திட்டம் போடலை. ரெண்டு பேருக்கும் சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த மாசத்துலேர்ந்து டிராக்டர்ல நேரா வந்தது. வாரம் ஒரு தடவை எடை போட ரெண்டு பக்கத்து ஆளும் நிக்கணும். நின்னா பேச்சு வரும். "இன்னைக்குத் தொட்டி ஈரம்", "போன லோடுல மண்ணு", "அடுத்த வாரம் நாங்க லீவு". வேலை நாளை மறைச்சு வெச்சிருந்தவரே இப்போ தன் லீவு நாளை முன்கூட்டிச் சொல்றார், ஏன்னா தொட்டி வந்து குவியக் கூடாது!

ரெண்டு வருஷம் கழிச்சு, 2016-ல், அவரே கூப்பிட்டார்: "தம்பி, அந்த பைப் படம் இன்னும் இருக்குதா?" படம் இருந்தது. இந்தத் தடவை படத்தோட ஒப்பந்தமும் எழுதினோம். அம்மாவோட பழைய பாய்லரை விக்காம ஸ்டேண்ட்பையா வெச்சோம். ஒரு டன் தொட்டிக்கு மூணு டன் ஸ்டீம்னு பண்டமாற்று. பாய்லர் சட்டப்படி அனுமதியும் வாங்கினோம். கேட்கிறவங்க கவனிச்சுக்கோங்க, ஸ்டீம் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோவைத் தாண்டினா அந்தக் குழாயும் பாய்லர் விதிகளுக்குள்ள வந்துடும். வெல்டரைக் கூப்பிட்டு நீங்களே ஒட்டிக்க முடியாது.

அன்னைக்கு நாங்க விட்டது ஒண்ணே ஒண்ணு. அதுதான் இப்போ ஃபோனா வந்திருக்கு.

கழிவுக்கு விலை வந்துட்டா?

அம்மா சொன்னது இதுதான்: "தொட்டிக்குக் கரிக்காரங்க இப்பக் குடுக்கற ரேட்டு வேறங்க சார். நான் ஏன் எரிக்கறதுக்குக் குடுக்கோணும்?"

தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியிலிருந்து தண்ணி, தங்கமெல்லாம் சுத்தம் பண்றதுக்கான ஆக்டிவேட்டட் கார்பன் செய்யறாங்க. உலகம் பூரா வாங்கற சரக்கு. ஒரு காலத்துல எரிக்கத்தான் லாயக்குன்னு இருந்த தொட்டி இப்போ மூலப்பொருள். மூணு டன் ஸ்டீமுங்கற பழைய கணக்கு அம்மாவுக்கு நஷ்டம். அவர் பக்கம் கேட்டா, "தொட்டி வரலைன்னா ஸ்டீம் எதுக்குத் தரணும்?"

இந்தச் சிக்கலை நான் முன்னாடியே ஒரு பெரிய ஆலையில பார்த்திருக்கணும். நம்ம கரூர் மாவட்டம் புகழூர்ப் பக்கம் காகிதபுரம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், டிஎன்பிஎல், 1979-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். மரத்துக்குப் பதிலா கரும்புச் சக்கையில காகிதம். ஒரு டன் கரும்பை ஆட்டினா கிட்டத்தட்ட 300 கிலோ ஈரச் சக்கை வரும். ஆனா சர்க்கரை ஆலை அதைச் சும்மா வெச்சிருக்கலை. தன் பாய்லர்ல எரிச்சு, அந்த ஸ்டீம்லதான் சர்க்கரையே காய்ச்சிட்டிருந்தது. சக்கையை எடுத்துட்டா ஆலை நிக்கும்.

அதனால போட்ட ஒப்பந்தம் அழகானது. சக்கையை எங்களுக்குக் கொடு, அதுக்குப் பதிலா ஸ்டீமை நாங்க தர்றோம். காகித ஆலையே சர்க்கரை ஆலைக்குள்ள நிலக்கரி எரிக்கற பாய்லரை நிறுவி, எரிபொருளுக்கும் பொறுப்பேத்துக்கிட்டது. சர்க்கரை ஆலைக்குத் தேவை சக்கை இல்லை, வெப்பம். காகித ஆலைக்குத் தேவை வெப்பம் இல்லை, நார். ஒரே பொருளுக்குள்ள இருந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்த்ததுதான் அங்கே நடந்த புத்திசாலித்தனம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கரும்பு அரைவை வருஷத்துல சில மாசம்தான், காகிதம் வருஷம் பூரா ஓடணும். அதனால சக்கையை ஈரமா மலைபோலக் குவிச்சு வெச்சுப் பாதுகாக்கறாங்க. சக்கைக்குள்ள இருக்கற பஞ்சு மாதிரியான சோற்றுப் பகுதி காகிதத்துக்கு ஆகாது. அதைப் பிரிச்சுப் பாய்லருக்கே அனுப்பிடறாங்க. காகிதக்கூழ் வேலையில மிஞ்சற சுண்ணாம்புச் சேறையும், பாய்லர் சாம்பலையும் வெச்சு பின்னாடி சிமெண்ட் ஆலையே போட்டாங்க.

ஆனா அங்கேயும் அதே கேள்வி வந்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரிச்சு மின்சாரம் தயாரிச்சு கிரிட்டுக்கு விக்கலாம்னு ஆனதும், சக்கைக்கு இன்னொரு விலை வந்துடுச்சு. மேலே வறட்சி வந்து கரும்புப் பரப்பும் குறைஞ்சது. சக்கையை மட்டும் நம்பியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். விவசாயிகளோட சேர்ந்து சவுக்கு, தைலமரம் வளர்க்கற வேலையையும் காகித ஆலை கையில எடுத்தது. ஒரு பக்கம் சக்கை ஒப்பந்தம், இன்னொரு பக்கம் மாற்று வழி.

கலுன்போர்க்குக்கும் இது பொருந்தும். 1993-லிருந்து மின் நிலையம் புகையில இருக்கற கந்தகத்தைச் சுண்ணாம்பால பிடிச்சு ஜிப்சமாக்கிப் பக்கத்து போர்டு ஃபேக்டரிக்குக் கொடுத்தது. அதுவரைக்கும் ஸ்பெயினிலிருந்து ஜிப்சம் வாங்கிட்டிருந்தவங்களுக்கு வாசல்லயே சரக்கு. ஆனா அந்த ஜிப்சம் நிலக்கரியோட குழந்தை. 2019 கடைசியில அங்கே மரச்சில்லு எரிக்கற புது யூனிட் வந்தது. மரத்துல கந்தகம் ரொம்பக் குறைவு. நிலக்கரி போனா ஊருக்கு நல்லது, உலகத்துக்கு நல்லது. ஆனா அந்த வழியில ஜிப்சம் வராது. அதே சமயம் ஸ்டீம் குழாய் அப்படியேதான் இருக்கு. எரிக்கறது மாறிச்சு, குழாய் மாறலை.

அம்மாவுக்கு நான் சொன்னது

இந்தக் கடைசி வரி மனசுல ஓடினப்போதான் எனக்கே தெளிவாச்சு. நாங்க 2016-ல் பண்ணின தப்பு, தொட்டியையும் ஸ்டீமையும் ஒரே முடிச்சுல கட்டினது. தொட்டி மூலமா நம்பிக்கை வந்தது சரி. அதுக்காக ஸ்டீமோட விலையையும் தொட்டியிலேயே எழுதியிருக்க வேண்டாம். 4 டன் பாய்லர்ல மிச்சத் திறன் இருக்குங்கறது தொட்டியால வந்த லாபம் இல்லை. அவர் விறகு எரிச்சாலும் அந்த லாபம் இருக்கும். பெரிய பாய்லர்ல ஒரு டன் ஸ்டீம் எடுக்கற செலவு, அம்மாவோட குட்டி பாய்லர்ல எடுக்கறதைவிட எப்பவும் குறைவுதான்.

அதனால அம்மாகிட்ட சொன்னேன்: "தொட்டியைக் கரிக்காரங்களுக்கே குடுங்க. ஸ்டீமைக் காசு கொடுத்து வாங்குங்க. தொட்டி போனாலும் பைப் இருக்கட்டும்." அவருக்கும் தனியாப் பேசினேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அம்மணி கேக்கறது நியாயந்தான் தம்பி. ஆனா விறகு விலை ஏறினா நான் எங்கே போவேன்?"னார். அதுவும் நியாயம்தான்.

புது ஒப்பந்தத்துக்கு மூணு விஷயம் எழுதிக் கொடுத்திருக்கேன். ஒண்ணு, ஸ்டீம் விலை அவர் எரிக்கற விறகு பில்லோட சேர்ந்து ஏறி இறங்கும், மேலே ஒரு நிலையான தொகை. ரெண்டாவது, தொட்டியை முதல்ல அவருக்குக் கேட்டுட்டுத்தான் வெளியே விக்கணும். கரிக்காரங்க விலையை அவரும் கொடுத்தா அவருக்கே. மூணாவது, யார் விலகினாலும் ஒரு வருஷம் முன்னாடி சொல்லணும், அதுவரைக்கும் ஸ்டீம் நிக்கக் கூடாது. இந்த மூணாவதை 2016-லேயே எழுதியிருந்தா அன்னைக்கு வந்த ஃபோனே வேற மாதிரி இருந்திருக்கும்.

கேட்கிற உங்கள்ல ஃபேக்டரி வெச்சிருக்கறவங்க, வேலை பார்க்கறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. பக்கத்து ஆலையோட எதையாவது பகிர்ந்துக்கலாம்னு நினைச்சா, தயவுசெய்து சின்னதா ஆரம்பிங்க. நின்னா யாருக்கும் உற்பத்தி கெடாத ஒரு பொருள். பழைய பேலட், சாக்கு, சாம்பல், எடைமேடை, எதுவா இருந்தாலும் சரி. ஆசிட், கெமிக்கல் சேறு மாதிரி அபாயக் கழிவா இருந்தா மட்டும் கைமாத்தா கொடுத்துடாதீங்க. 2016 அபாயக் கழிவு விதிகள்ல 9-வது விதி இருக்கு. ஒருத்தர் கழிவை இன்னொருத்தர் மூலப்பொருளா எடுக்கறதுக்கு அதன் கீழ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி வேணும். பேப்பர் வேலை சலிப்பாத்தான் இருக்கும், ஆனா வழி இருக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன வேலை நடக்குதுன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? என்ன வாங்கறாங்க, என்ன வெளியே தள்றாங்க? அடுத்த தடவை டீக்கடையில அந்த ஃபேக்டரி சூப்பர்வைசரைப் பார்த்தா கேட்டுப் பாருங்க. என் அனுபவத்துல ரிப்போர்ட்டைவிட அந்த டீ சீக்கிரம் வேலை செய்யும்.

நம்ம கதை இன்னும் முடியலை. வர்ற அமாவாசை கழிச்சு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசறதாச் சொல்லியிருக்காங்க. என்னையும் கூப்பிட்டிருக்காங்க. கையெழுத்தாகுமான்னு தெரியாது. பைப் இன்னும் கழட்டலை, நேத்துக்கூட அதுல ஸ்டீம் போயிட்டிருந்தது. என்ன ஆச்சுன்னு அடுத்து வர்ற ஏதாவது ஒரு எபிசோட்ல கண்டிப்பாச் சொல்றேன்.

உங்க பக்கத்துல இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா, ஓடினதோ முறிஞ்சதோ, எழுதுங்க. முறிஞ்ச கதையை அவசியம் எழுதுங்க, அதுலதான் கத்துக்க நிறைய இருக்கு. அடுத்த வாரம் மோட்டார், இந்தத் தடவை நிஜமாவே.